கொடுப்புப் பல்லுப் பிடுங்கிய பிறகு: குழி நன்றாக ஆறவும் எலும்பு கரையாமல் நிற்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பல்லைப் பிடுங்குவது டொக்டரின் வேலை. அது பத்து நிமிடத்தில் முடியலாம். வேர் வளைந்து எலும்பைப் பிடித்திருந்தால் ஒரு மணித்தியாலமும் எடுக்கலாம். அதற்குப் பிறகு குழி ஆறுவது உங்கள் வீட்டில், உங்கள் கையில். எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பல்லுப் பிடுங்கினவரைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். உப்பு வை, மஞ்சள் வை, கராம்பு இடித்து வை, புகையிலைக் காம்பை அடக்கிக்கொள் என்பார்கள். குழிக்குள் எதையும் வைக்காமல் இருப்பதுதான் முதல் மருந்து. இந்த வழிகாட்டியில் வரும் பெரும்பாலான படிகள் அந்த ஒரு காரியத்தைச் சுற்றியே வருகின்றன.

குழிக்குள் என்ன நடக்கிறது

கீழ்க் கொடுப்புப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், மேலே உள்ளதற்கு மூன்று. பல் வெளியே வந்ததும் அந்த இடம் இரத்தத்தால் நிறைந்து, சில நிமிடங்களில் உறைந்து கட்டியாகிறது. முழங்கால் உரசின காயத்தில் பொருக்குக் கட்டுவது போலத்தான் இதுவும். ஆனால் வாய்க்குள் எப்போதும் ஈரம் என்பதால் இது காய்ந்து இறுகாது. ஜெலி மாதிரி மெதுவாகவே இருக்கும். அடியில் திறந்து கிடக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடி வைத்திருப்பது இந்தக் கட்டிதான். புதிய சதையும் அதன் பின்னர் எலும்பும் இதன் மேல்தான் வளர்கின்றன.

ஒரு கிழமைக்குள் கட்டியின் இடத்தில் சிவந்த புதுச் சதை வரத் தொடங்கும். முரசு மேலே மூட மூன்று, நான்கு கிழமை ஆகும். உள்ளே எலும்பு நிறைய மூன்று, நான்கு மாதம் போகும். அது முற்றி இறுக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். வெளியே பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் உள்ளே பாதி வேலைகூட முடிந்திருக்காது.

பிடுங்குவதற்கு முன்: கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள்

சீனி வருத்தம், பிரஷர், இருதய வருத்தம், சிறுநீரக வருத்தம் என்று எந்தக் கிளினிக்குக்குப் போகிறவராக இருந்தாலும் அந்தக் கொப்பியைப் பல் டொக்டரிடம் காட்டுங்கள். “ஒரு வெள்ளைக் குளிசை போடுறன்” என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்து எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. பல்லுக்காக நிறுத்தி, அதனால் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தால் அந்த இழப்போடு பல்லை ஒப்பிடவே முடியாது. வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் பிடுங்குவார்கள். எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் எடுப்பவர்களும், புற்றுநோய்க்கு எலும்பை உறுதிப்படுத்தும் ஊசி போட்டவர்களும் கட்டாயம் சொல்ல வேண்டும். இவர்களில் சிலருக்குக் குழி ஆறாமல் தாடை எலும்பு இறந்துபோகும் ஆபத்து உண்டு. செயற்கை இருதய வால்வு வைத்தவர்களுக்கு முன்கூட்டியே அன்டிபயோட்டிக் தேவைப்படும். கர்ப்பிணித் தாய்மார் எத்தனையாவது மாதம் என்பதைச் சொல்லுங்கள்.

பல் இருக்கும் இடத்தை மட்டும் விறைக்கச் செய்து பிடுங்குவதானால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சத்திரசிகிச்சை என்று பயந்து பட்டினியாகப் போய்த்தான் பலர் கதிரையிலேயே மயங்குகிறார்கள். சாப்பிட்டு, வழக்கமான மருந்தை எடுத்து, பல்லை நன்றாகத் தீட்டிவிட்டுப் போங்கள். சீனி வருத்தக்காரருக்குக் காலை நேரமே நல்லது.

நேரம் பார்ப்பதில் இன்னொன்றும் இருக்கிறது. வாகரை, வெல்லாவெளி, பொத்துவில், பாணமை போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள் பின்னேரத்தில் பிடுங்கிக்கொண்டு வீடு போனால், இராப் பத்து மணிக்கு இரத்தம் கசியும்போது திரும்பி வருவது பெரும் பாடு. காலையில் பிடுங்கி, ஒரு மணித்தியாலம் அங்கேயே இருந்து பார்த்துவிட்டுப் போவது புத்தி. இரவில் ஏதும் நடந்தால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதையும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்காமப் பாதயாத்திரைக்கு நேர்த்தி வைத்தவர்கள் புறப்படுகிற கிழமையில் பல்லைப் பிடுங்க வேண்டாம். உகந்தை தாண்டிக் காட்டுக்குள் போன பிறகு குழி வலித்தால் பல் டொக்டர் கிடைக்க மாட்டார். ஒரு மாதம் முன்னமே காட்டி முடித்துவிடுங்கள். நோன்பு மாதத்தில் அவசரமில்லாத பல்லென்றால் பெருநாள் முடியும் வரை தள்ளிப்போடலாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்தும், அடிக்கடி தண்ணீரும் மெதுவான சாப்பாடும் பகல் நோன்போடு ஒத்துப்போகாது. தள்ளிப்போட முடியாமல் வீங்கி நிற்கும் பல்லென்றால், டொக்டரையும் மௌலவியையும் கேட்டு முடிவெடுங்கள்.

எலும்பைக் காப்பாற்றுவது: பிடுங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

இதைப் பலர் பிடுங்கிய பிறகுதான் கேள்விப்படுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்லைத் தாங்கும் எலும்பு பல் இருக்கும் வரைதான் நிற்கும். பல் போனதும் கரையத் தொடங்கும். கன்னப் பக்கச் சுவர் மெல்லியது என்பதால் அதுதான் முதலில் உள்வாங்கும். கடைவாயில் ஒரு பல் போன இடத்தில் முரசு மேட்டின் அகலம் ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழப் பாதி வரை குறைந்துவிடலாம். அந்தக் குறைவில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும். பிற்காலத்தில் அந்த இடத்தில் இம்பிளான்ட் (எலும்புக்குள் திருகு இறக்கி அதன் மேல் பொருத்தும் மாற்றுப்பல்) வைக்க நினைத்தால், திருகு இறங்கப் போதிய எலும்பு இருக்காது.

இதைக் குறைக்கத்தான் பல் குழியைப் பேணும் சிகிச்சை. பல்லைப் பிடுங்கிக் குழியைச் சுத்தமாக்கிய கையோடு, எலும்புத் துகள்களை உள்ளே நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தால் ஆன படலம் ஒன்றை மூடித் தைப்பார்கள். நான்கு முதல் ஆறு மாதத்தில் அந்தத் துகள்களைச் சுற்றி உங்கள் சொந்த எலும்பு வளரும். கரைவது முழுதாக நிற்காது, ஆனால் நன்றாகக் குறையும். பல்லைப் பிடுங்கும் அதே வேளையில் செய்வதுதான் வழக்கம். ஆறுமாதம் கழித்துப் போய்க் கேட்டால், கரைந்த எலும்பைத் திரும்பக் கட்டுவது வேறு பெரிய வேலையாகிவிடும்.

எங்கள் மாவட்டங்களில் இதைப் பற்றிக் கேட்க இன்னொரு முக்கிய காரணம் உண்டு. அந்தத் துகள்கள் எதிலிருந்து வருகின்றன? உலகெங்கும் அதிகம் பாவிக்கப்படுவது மாட்டு எலும்பிலிருந்து பதப்படுத்திய துகள். கொலாஜன் படலங்களில் மாட்டிலிருந்து வருவதும் உண்டு, பன்றியிலிருந்து வருவதும் உண்டு. மனித எலும்பு வங்கியில் இருந்து வரும் துகளும், முழுக்க இரசாயனத்தில் செய்த செயற்கைத் துகளும் இருக்கின்றன. ஆரையம்பதியில் இருக்கும் சைவர் ஒருவருக்கும் காத்தான்குடியில் இருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் இதில் தயக்கம் வருவது இயல்பு, அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. “இது எந்த மிருகத்திலிருந்து வருது, செயற்கையானது இருக்குதா?” என்று நேராகக் கேளுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும். உங்கள் சொந்த இரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சுழற்றி, அதில் பிரியும் ஃபைப்ரின் (இரத்தத்தை உறைய வைக்கும் நார்ப்புரதம்) கட்டியைக் குழிக்குள் வைக்கும் முறையும் உண்டு. அது எலும்புத் துகளுக்கு முழு மாற்று ஆகாது. ஆனாலும் முரசு ஆறுவதற்கு உதவும்.

எல்லோருக்கும் இது தேவையா? இல்லை. ஞானப்பல்லுக்கு அநேகமாகத் தேவையில்லை, அங்கே யாரும் இம்பிளான்ட் வைப்பதில்லை. கழற்றி மாட்டும் பல்செட் போதும் என்று நினைப்பவருக்கும் பெரும்பாலும் அவசியமில்லை. சீழ் கட்டி நிற்கும் குழியில் உடனே துகள் நிரப்ப டொக்டர் தயங்குவார். தொடர்ந்து சிகரட் குடிக்கிறவருக்குப் பணம் வீணாகும் வாய்ப்பு அதிகம். அரச ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குகளில் பல்லைப் பிடுங்குவது இலவசம், ஆனால் துகள் நிரப்புவதற்குப் பெரும்பாலும் தனியாரிடம்தான் போக வேண்டியிருக்கும். காசு இல்லையென்றால் கவலை வேண்டாம். வேர்களை வெட்டிப் பிரித்து, சுவர் உடையாமல் பொறுமையாக எடுப்பதே எலும்புக்குப் பெரிய பாதுகாப்பு. மிச்சத்தை நீங்கள் வீட்டில் செய்யலாம்.

முதல் ஒரு மணித்தியாலம்

குழியின் மேல் வைத்த பஞ்சை முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் இறுக்கிக் கடியுங்கள். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்க்காதீர்கள். எடுக்கும் ஒவ்வொரு தடவையும் கட்டி கிழியும். கதைக்கவும் வேண்டாம்.

எச்சிலைத் துப்பாமல் விழுங்குங்கள். கொஞ்ச இரத்தம் கலந்தாலே எச்சில் முழுவதும் சிவப்பாகும், அதைப் பார்த்து வீடே பதறும். மோட்டார் சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு போகாமல் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

விறைப்பு ஊசியின் தாக்கம் கீழ்த் தாடையில் மூன்று, நான்கு மணித்தியாலம் கூட நிற்கும். அதுவரை சூடான தேத்தண்ணியும் வேண்டாம், மெல்ல வேண்டிய சாப்பாடும் வேண்டாம். தெரியாமல் சொண்டையோ நாக்கையோ கடித்துவிடுவீர்கள். சின்னப் பிள்ளைகளை இந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், விறைத்த சொண்டைக் கடித்து விளையாடுவார்கள்.

முதல் இருபத்துநான்கு மணித்தியாலம்

கொப்பளிக்காதீர்கள். துப்பாதீர்கள். உறிஞ்சாதீர்கள். உள்ளே காற்றிழுத்தால் கட்டி குழியை விட்டுக் கிளம்பிவிடும். ஸ்ட்ரோ வேண்டாம் என்று டொக்டர் சொன்னால் சோடாப் போத்தல் மட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். கல்லடிப் பாலத்தடியில் வாங்கும் இளநீரும் பிள்ளையின் பால் பக்கட்டும் அதே ஸ்ட்ரோதான். இளநீர் நல்லது, கோப்பையில் ஊற்றிக் குடியுங்கள்.

சிகரட், பீடி, சாராயம் வேண்டாம். சிகரட் குடிக்கிறவருக்குக் குறைந்தது மூன்று நாள் இடைவெளி. முடிந்தால் ஒரு கிழமை. புகை இரத்த ஓட்டத்தைச் சுருக்குகிறது, உறிஞ்சும் இழுப்பும் கூடவே வருகிறது.

வெற்றிலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பெரியவர்களிடம் சோற்றை விடச் சொன்னாலும் விடுவார்கள், வெற்றிலைத் தட்டத்தை விட மாட்டார்கள். சுண்ணாம்பு புது முரசைச் சுடும், பாக்குத் துகள் குழிக்குள் போய் அடையும், புகையிலை ஆறுவதைத் தாமதமாக்கும். மறுபக்கத்தில் வைத்து மென்றாலும் சாறு வாய் முழுதும்தான் ஓடும். குழி மூடும் வரை, அதாவது மூன்று, நான்கு கிழமை, தள்ளியே வையுங்கள். இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கு தனியாகவே புற்றுநோய் வரச் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு மாதம் விட்டவர் அப்படியே விட்டுவிட்டால் பல் போனதும் ஒரு நன்மைதான்.

வீக்கத்துக்கு ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே பதினைந்து நிமிடம் வையுங்கள், பிறகு அதே அளவு நேரம் விடுங்கள். இது முதல் நாளைக்கு மட்டும் உதவும். படுக்கும்போது இரண்டு தலையணை வையுங்கள். வயல் வேலை, வலை இழுப்பது, மூட்டை தூக்குவது, குனிந்து பெருக்குவது ஒன்றும் இரண்டு நாளைக்கு வேண்டாம். தலைக்குக் குளிக்கலாம், ஆனால் வெந்நீரும் உச்சி வெயிலும் கசிவைக் கூட்டும்.

அன்றிரவே மற்றப் பற்களை மெதுவாகத் தீட்டுங்கள். குழிக்குப் பக்கத்தில் மட்டும் பிரஷ் போகக் கூடாது. வாயிலிருந்து நுரையைத் துப்பாமல், குனிந்து தானாக வழிய விடுங்கள்.

இரத்தம் திரும்ப வந்தால்: நிமிர்ந்து இருங்கள், சுத்தமான துணியையோ பஞ்சையோ நனைத்து மடித்துக் குழியின் மேல் வைத்து முப்பது நிமிடம் இறுக்கிக் கடியுங்கள். ஈரமாக்கி ஆற வைத்த தேயிலைப் பையும் உதவும், தேயிலையில் உள்ள டானின் இரத்தம் உறையத் துணை செய்யும். இரண்டு தடவை செய்தும் நிற்காமல் வாய் நிறைய வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலி மருந்து

விறைப்பு விடுபடும் முன்பே முதல் குளிசையைப் போடுங்கள். பெரியவர்களுக்கு ஐந்நூறு மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகவே கூடாது. ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மெலிந்தவர்களும் இதைவிடக் குறைவாக, டொக்டர் சொன்னபடி எடுக்க வேண்டும். ஐபுபுரூபன் நன்றாக வேலை செய்யும், சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். சிறுநீரக வருத்தம், வயிற்றுப் புண், சில ஆஸ்துமாக்காரர், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் அதைத் தொடக் கூடாது.

மாரி மழைக்குப் பிறகு மட்டக்களப்பில் டெங்கு கூடும் என்பது தெரிந்ததே. பல்லுப் பிடுங்கின கிழமையில் காய்ச்சல் வந்தால் பல்லால்தான் என்று முடிவு கட்டாதீர்கள். ஐபுபுரூபன், டைக்ளோபெனாக், அஸ்பிரின் எல்லாவற்றையும் நிறுத்தி, பனடோலை மட்டும் அளவோடு எடுத்து, இரத்தம் பரிசோதியுங்கள். டெங்கில் அந்த மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டும். குழியில் இருந்து திரும்ப இரத்தம் வந்தால் இன்னும் அவசரம்.

வலிக்குளிசையைப் பொடித்துக் குழியில் வைப்பது சிலரிடம் வழக்கம். அஸ்பிரின் முரசை வெந்தது போல வெள்ளையாக எரித்துவிடும்.

இரண்டாம் நாளிலிருந்து

இருபத்துநான்கு மணித்தியாலம் கழிந்ததும் உப்புத் தண்ணீர். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்னும், நாளுக்கு நாலைந்து தடவை, ஒரு கிழமைக்குச் செய்யுங்கள். வாயில் வைத்துத் தலையை இருபக்கமும் சரித்து, வழிய விடுங்கள். பலமாகக் கொப்பளிக்க வேண்டாம். குளோரெக்ஸிடின் வாய்கழுவி தந்திருந்தால் பல்தீட்டி அரை மணித்தியாலம் விட்டுப் பாவியுங்கள். பல்லில் மண்ணிறக் கறை பிடிக்கலாம், அது பிறகு போகும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும், பிறகு வடியும். வாய் முழுதாகத் திறக்காமல் இறுகுவதும் சில நாள் இருக்கும். குழிக்குள் வெள்ளை மஞ்சளாக ஒரு படை தெரிந்தால் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், பெரும்பாலும் அது ஆறும் புண்ணின் இயல்பான படை. சில கிழமைக்குப் பிறகு முரசில் சிறு எலும்புக் கூர் தட்டுப்பட்டால் பல சமயம் தானாகவே வெளியே வரும், குத்தினால் காட்டுங்கள்.

மேல் கொடுப்புப் பல் பிடுங்கினவருக்கு ஒரு கூடுதல் கட்டளை. அந்த வேர்களுக்கு மேலே மூக்கோடு தொடர்புள்ள காற்றறை இருக்கிறது. இரண்டு கிழமைக்கு மூக்கைச் சிந்தாதீர்கள். தும்மினால் வாயைத் திறந்து தும்முங்கள். தண்ணீர் குடிக்கும்போது மூக்கால் வந்தால் அன்றே திரும்பிப் போய்க் காட்டுங்கள். மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்ற பயம் இன்னும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதில் உண்மையில்லை.

என்ன சாப்பிடுவது

முதல் நாள் ஆறிய கஞ்சி, யோகட், எருமைத் தயிர், நுங்கு, இளநீர். பிறகு குழைத்த சோறும் பருப்பும், சொதியில் ஊறின இடியப்பம், நன்றாக முள் எடுத்த மீன், அவித்த முட்டை. பிட்டு மெதுவாக இருந்தாலும் துகளாகிக் குழியில் போய் இருக்கும், இரண்டு கிழமை பொறுங்கள். கச்சான், முறுக்கு, பொரித்த இறால், மிக்சர், எள்ளு தூவின எதுவும் அதே காரணத்துக்காக வேண்டாம். மறுபக்கத்தால் மெல்லுங்கள்.

கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் பாணும் தேத்தண்ணியும் கொடுக்கும் வீடுகள் உண்டு. வழக்கமாகவே உங்களுக்கு ஒத்துவராத சாப்பாடு என்றால் அதை விடுங்கள். ஆனால் புண் ஆறப் புரதம் வேண்டும். சீனி வருத்தக்காரர் கஞ்சியோடு சீனி போட்டே மூன்று நாள் ஓட்டினால் குழி ஆறுவது இன்னும் தாமதமாகும்.

வறண்ட குழி: மூன்றாம் நாள் கூடும் வலி

நன்றாக ஆறும் குழியில் வலி நாளுக்கு நாள் குறையும். குறைந்த வலி இரண்டாம் நாள் முதல் நாலாம் நாளுக்குள் திரும்பக் கூடி, காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் ஏறி, வாயில் கெட்ட நாற்றமும் சுவையும் வந்து, குளிசைக்கும் அடங்காவிட்டால், கட்டி கழன்று எலும்பு திறந்துவிட்டது என்று பொருள். கீழ்க் கொடுப்புப் பல், அதிலும் ஞானப்பல், புகைப்பவர், கஷ்டப்பட்டு எடுத்த பல், கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் ஆகியோரில் இது அதிகம்.

வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அன்டிபயோட்டிக்கை விழுங்கிப் பலனில்லை, ஏனென்றால் பெரும்பாலும் இது கிருமித் தொற்று அல்ல. கராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றினால் சதை எரியும். டொக்டர் குழியைக் கழுவி, கராம்பிலுள்ள யூஜினோல் கலந்த மருந்தை அளவாக வைத்து மூடுவார். வலி அன்றே பெரும்பாலும் அடங்கும். மருந்தை ஒன்றிரண்டு தடவை மாற்ற வேண்டி வரலாம். ஒரு கிழமை, பத்து நாளில் சரியாகிவிடும். வெட்கப்பட்டு வீட்டில் இருந்து வலியோடு போராட வேண்டாம். டொக்டருக்கு இது பழகின சங்கதி.

உடனே போக வேண்டியவை

மூன்றாம் நாளுக்குப் பிறகும் கூடிக்கொண்டே போகும் வீக்கம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே காட்டுங்கள். சொண்டோ நாடியோ அடுத்த நாளும் விறைத்தே இருந்தால் சொல்லுங்கள், நரம்பு தொடப்பட்டிருக்கலாம். நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் கல்லாக வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு இழுக்கக் கஷ்டமானால் காலை வரை காத்திருக்கக் கூடாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், கூப்பிடுங்கள். பக்கத்துச் சிறு டிஸ்பென்சரியில் நேரம் கழிக்காமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துக்கு நேரே போவது உயிரைக் காக்கும்.

குழி மூடிய பிறகு

கரையாத நூலால் தைத்திருந்தால் ஏழாம் நாளளவில் தையலை எடுப்பார்கள். கரையும் நூல் தானாக விழும். அந்தச் சந்திப்பை வலியில்லை என்று தவறவிடாதீர்கள். அன்றைக்கே அடுத்த கேள்வியையும் கேளுங்கள்: இடைவெளியை என்ன செய்வது? ஞானப்பல்லென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். மற்றக் கொடுப்புப் பல்லென்றால் பின்னால் உள்ள பல் முன்னே சாயும், எதிரே உள்ளது இறங்கும் அல்லது ஏறும். வருடங்கள் போனால் மாற்றுப்பல் வைக்க இடமே ஒழுங்காக இருக்காது. பல்செட், பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலம், இம்பிளான்ட் மூன்றில் எது உங்கள் காசுக்கும் எலும்புக்கும் ஒத்துவரும் என்பதை மூன்றாம் மாதத்துக்கு முன் பேசி முடித்துவிடுங்கள்.